டாலா படகுக்கு இரண்டு டிக்கெட்

2010 பிப்ரவரியில் ஒரு வாரம் யாங்கோன் போய்வந்தேன். ஊரில் யாரிடம் சொன்னாலும் "அது எங்கே?" என்றார்கள். "ரங்கூன்" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் முகத்தில் வெளிச்சம் வந்தது. அடுத்த கேள்வி எல்லாரிடமும் ஒன்றுதான்: "போயும் போயும் அங்கேயா?" காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அலுவலக நண்பர் ஒருவரின் மாமா மகன் அங்கே இருக்கிறார். "நீ பாங்காக் போறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கே, அப்படியே பக்கத்துல ஒரு எட்டு போய் அவரையும் பார்த்துட்டு வாயேன்" என்று நண்பர் இரண்டு வருடமாக நச்சரித்தார். பாங்காக்கிற்கு மலிவாக டிக்கெட் கிடைத்ததும் கிளம்பிவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இந்த வலைப்பதிவில் மற்ற பயணங்களைப் படித்தவர்களுக்கு இது தெரியும். "வீட்டைப் பூட்டிட்டுத் தெருமுனைக்குப் போறதுக்குள்ள நாலு தடவை திரும்பி வர்ற ஆளு நீங்க, உங்களுக்கு பர்மாவா?" என்று என் மனைவி கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த ஊரில் ஏடிஎம் கிடையாது. கடன் அட்டை செல்லாது. நம் செல்பேசி வேலை செய்யாது. இணையத்தில் பாதிப் பக்கங்கள் திறக்காது. ராணுவ ஆட்சி வேறு. இவை எல்லாம் தெரிந்துகொண்டுதான் போனேன், தெரிந்துகொண்டதால் பயம் குறையவில்லை.

போகும் வழியைச் சொல்கிறேன். பாங்காக்கில் உள்ள மியான்மர் தூதரகத்தில் விசா வாங்கினேன். காலை எட்டு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். கட்டணம் 810 பாட், மறுநாள் மாலை கிடைத்தது. வேலை என்ன என்று கேட்டால் பத்திரிகை, எழுத்து என்று வாயைத் திறந்துவிடாதீர்கள். காப்பீட்டு அலுவலகக் குமாஸ்தா என்று எழுதினேன், அது உண்மையும்கூட. டாலர் நோட்டுகள் புத்தம்புதியதாக, மடிப்பே இல்லாமல் இருக்க வேண்டும். பேனாக் கோடு ஒன்று இருந்தாலும் அங்கே வாங்கமாட்டார்கள். நான் அவற்றை ஒரு ஆங்கில அகராதிக்குள் வைத்து எடுத்துப்போனேன். பாங்காக்கிலிருந்து விமானம் ஒன்றேகால் மணி நேரம். அந்த ஒன்றேகால் மணி நேரமும் அகராதி என் மடியில்தான் இருந்தது.

விமான நிலையம் மிங்கலாடோனில் இருக்கிறது, ஊருக்கு வடக்கே பத்து மைல். அந்தப் பக்கம் ராணுவக் குடியிருப்புகள் நிறைய, போகிற வழியில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். டாக்சிகளுக்கு மீட்டர் கிடையாது. ஓட்டுநர் எட்டாயிரம் கேட்டு ஆறாயிரம் சாட்டுக்கு வந்தார். பணத்தின் பெயரை எழுதும்போது கியாட், சொல்லும்போது சாட். அப்போது ஒரு டாலருக்கு ஏறத்தாழ ஆயிரம் சாட் கிடைத்தது. விமான நிலையத்தில் மாற்றாதீர்கள், அடிமாட்டு விலை. ஊருக்குள் பெரிய சந்தையில் நகைக்கடைக்காரர்களே மாற்றித் தருகிறார்கள். சூலே பகோடா என்கிற புத்தர் கோயில் பக்கம் ஒரு விடுதியில் அறை எடுத்தேன், காலைச் சாப்பாட்டோடு பதினெட்டு டாலர். மின்சாரம் வரும், போகும். ஜெனரேட்டர் போட்டால் அறைக்குள் டீசல் வாசம்.

ஊரைச் சுற்றுவதற்கு பஸ்தான் மலிவு, நூறு சாட். ஆனால் அதில் ஒரு விபரீதம் உண்டு. எல்லாம் பழைய ஜப்பான் வண்டிகள், ஸ்டியரிங் நம் ஊர் போல வலப்பக்கம், படிக்கட்டு இடப்பக்கம். சாலையிலோ வலப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள். அதனால் சில வண்டிகளில் இறங்கினால் நடுரோட்டில் இறங்குகிறோம். முதல் நாள் அப்படி இறங்கி, எதிரே வந்த லாரியைப் பார்த்து, மறுபடி பஸ்ஸுக்குள்ளேயே ஏறிவிட்டேன். நடத்துநர் சிரித்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

நகரத்தைச் சுற்றி ஒரு ரயில் ஓடுகிறது. மூன்று மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு டாலர், பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் டிக்கெட். பெயரையும் எண்ணையும் நிதானமாக எழுதிக்கொண்டார்கள். விடுதியில் எழுதினார்கள், ரயிலில் எழுதினார்கள். எனக்கு இது ஒருவிதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. தொலைந்துபோனால் எங்கே தேடுவது என்று யாருக்காவது தெரியுமே.

நண்பரின் மாமா மகன் இரண்டாம் நாள் காலையில் விடுதிக்கே வந்துவிட்டார். அவரை இங்கே ஆரோக்கியம் என்று அழைக்கிறேன். அது அவர் பெயரல்ல, ஏன் மாற்றினேன் என்பது போகப்போகப் புரியும். வயது ஐம்பத்திரண்டு. போட்டாதாங் என்ற பகுதியில் ஆற்றோரக் கிடங்கு ஒன்றில் எழுத்தர். மிஷன் பள்ளிக்கூடத்தில் தாத்தா ஆசிரியராக இருந்த கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். தெருவில் அவரை எல்லாரும் பர்மிய வழக்கப்படி "ஊ" என்று முன்னால் சேர்த்துக் கூப்பிட்டார்கள். நான் அண்ணே என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார்.

"வாங்க தம்பி, சொகமா வந்தீங்களா? மச்சான் சொல்லிவிட்டாரு. நா இருக்கேன்ல, ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க. கெய்ஸா மஷிபூ."

கெய்ஸா மஷிபூ என்றால் 'ஒன்றும் பிரச்சினை இல்லை' என்று அர்த்தம். நான் எதைப் பற்றிக் கேட்டாலும் அதைத்தான் சொன்னார். தெருக்குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா? கெய்ஸா மஷிபூ. தேநீர்க் கடையில் அரசியல் பேசுகிறார்களே? அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் தேநீரை ஆற்றினார்.

அவரோடு சுற்றிய மூன்று நாளும் எங்களுக்குள் ஒரு போர் நடந்தது. பில் யார் கொடுப்பது என்பதுதான். நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேநீர் 250 சாட், மோஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் 500 சாட். நான் பர்சைத் தொடுவதற்குள் அவர் கொடுத்திருப்பார். ஒருமுறை கைகழுவப் போகிறேன் என்று எழுந்து கல்லாவுக்குப் போனேன், அங்கே ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றார்கள். இன்னொரு முறை நான் நோட்டை நீட்டியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். "இது எங்க ஊரு. இங்க ஒங்க கை பாக்கெட்டுக்குள்ள போகப்படாது" என்றார். அவர் சம்பளம் எவ்வளவு இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும், அதனால் ஒவ்வொரு தோல்வியும் உறுத்தியது.

மூன்றாம் நாள் மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. வெளிநாட்டுக்காரர்கள் உள்ளூர் வீடுகளில் இரவு தங்கக் கூடாது, பகலில் போய்வரலாம். போட்டாதாங்கில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அவர் மனைவி மீன்குழம்பும் ரசமும் வைத்திருந்தார். பதினெட்டு வயது மகள் ஸ்டெல்லா, இதுவும் நான் வைத்த பெயர்தான், நான் பேசும் தமிழைப் புரிந்துகொண்டு பர்மிய மொழியில் பதில் சொன்னாள். அப்பா மொழிபெயர்த்தார். கிளம்பும்போது அவர் மனைவி ஒரு கட்டம் போட்ட பர்மிய லுங்கியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். "நாளைக்கு இதக் கட்டிக்கிட்டு வாங்க. அவரு ஒங்கள டாலா கூட்டிட்டுப் போறாராம்."

அன்று இரவு அறையில் உட்கார்ந்து யோசித்தேன். பாஸ்போர்ட்டை வயிற்றில் ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டுதான் அதுவரை திரிந்தேன். மூன்று நாள் வியர்வையில் பை ஊறி, பாஸ்போர்ட் ஓரம் மெத்தென்று ஆகியிருந்தது. இன்னும் இரண்டு நாள் இப்படிப் போனால் பக்கம் பிய்ந்துவிடும், பிய்ந்தால் விமான நிலையத்தில் விடமாட்டார்கள் என்று தோன்றியது. மேலும் லுங்கிக்குள் அந்தப் பை நிற்காது, ஆற்றில் விழுந்துவிட்டால்? காலையில் விடுதி மேலாளரிடம் கொடுத்து இரும்புப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது. பயந்தவன் செய்கிற காரியம் எப்போதும் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

டாலா ஆற்றுக்கு அக்கரை. ஸ்ட்ராண்டு சாலைப் படகுத்துறையிலிருந்து பயணிகள் படகு போகிறது, பத்து நிமிடம்தான். இக்கரையில் பழைய வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள், அக்கரையில் மூங்கில் குடிசைகளும் வயலும். அங்கே தகரக்கூரை போட்ட மாதா கோயில் ஒன்று இருக்கிறது, அதில்தான் ஆரோக்கியத்துக்கு ஞானஸ்நானம் நடந்ததாம். அதைக் காட்டத்தான் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார். விடுதி வாசலில் என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் லுங்கியை நம் ஊர் வழக்கப்படி இடுப்பில் பக்கவாட்டில் செருகியிருந்தேன். "இங்க இப்பிடிக் கட்டமாட்டாங்க" என்று சொல்லி, இரண்டு முனையையும் முன்னால் இழுத்து வயிற்றுக்கு நேரே முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார். "இப்ப யாரு பாத்தாலும் எந் தம்பின்னுதான் சொல்லுவாங்க." எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

படகுத்துறையில் நல்ல கூட்டம். காடை முட்டை விற்பவர்கள், வெற்றிலை மடிப்பவர்கள், கோழிக்கூடை சுமந்தவர்கள். இன்று டிக்கெட்டாவது நான் எடுத்துவிட வேண்டும் என்று சட்டைப் பையில் தனியாகச் சில்லறை நோட்டு வைத்திருந்தேன். டிக்கெட் கூண்டு எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர் கூட்டத்துக்குள் பாய்ந்துவிட்டார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு சிறிய தாள்கள். ஜெயித்த முகம். "மறுபடியும் தோத்துட்டீங்க தம்பி" என்றார். தள்ளிக்கொண்டுபோன கூட்டத்தோடு படகில் ஏறினோம்.

மேல்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த டிக்கெட் பெரிதாக, கையால் எழுதி முத்திரை குத்தி இருந்தது. படகு கரையை விட்டு விலகியிருந்தது.

"அவங்க டிக்கெட் மட்டும் ஏண்ணே அவ்வளவு பெரிசா இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் அவர்களைப் பார்த்தார், தன் கையில் இருந்த இரண்டு தாள்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அடக் கர்த்தரே" என்றார்.

வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனி டிக்கெட். போய்வர இரண்டு டாலர், தனி அறையில் போய் வாங்க வேண்டும், பாஸ்போர்ட் பார்த்துப் பெயரும் எண்ணும் எழுதுவார்கள். அக்கரையிலும் ஒரு மேசை போட்டு அந்தப் பெயர்களைச் சரிபார்ப்பார்கள். இது அவருக்கு நன்றாகத் தெரியும். கிடங்குக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அவரே சொல்லி அனுப்பியிருக்கிறார். "நா மறந்தே போய்ட்டேன் தம்பி. நீங்க காசு எடுக்கறதுக்குள்ள எடுத்துடணும், அது ஒண்ணுதான் மனசுல இருந்துச்சு. நம்ம வூட்டு ஆளாவே நெனச்சிட்டேன்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "பாஸ்போட்டு வச்சிருக்கீங்கல்ல?"

இல்லை என்றேன். அவர் இந்த முறை கெய்ஸா மஷிபூ சொல்லவில்லை.

டாலா துறையில் இறங்கும் பாலத்தின் முடிவில் மேசை இருந்தது. சீருடைக்காரர் ஒருவர், கன்னத்தில் சந்தனம் போலத் தனாக்கா மரப்பட்டை அரைத்துப் பூசிய பெண் ஒருவர். வெள்ளைக்காரத் தம்பதியை நிறுத்திப் பெயரைச் சரிபார்த்தார்கள். நாங்கள் கோழிக்கூடைக்காரர்களுக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி நடந்து வெளியே போய்விட்டோம். யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

வெளியே சைக்கா என்கிற மூன்றுசக்கர மிதிவண்டிகள் நிற்கும். பக்கத்தில் இரண்டு இருக்கை, ஒன்று முன்னால் பார்க்கும், ஒன்று பின்னால். மாதா கோயில் போய்வர இரண்டு பேருக்கும் ஆயிரத்து ஐந்நூறு சாட் பேசினார். டாலாவைப் பற்றி நிறைய எழுத வேண்டும் என்றுதான் போனேன். நல்ல தண்ணீர் கிடையாது என்பதால் தாமரைக் குளங்களிலிருந்து காவடி கட்டி வாளியில் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். இரண்டு வருடம் முன்பு வந்த புயலுக்குப் பின் போட்ட நீலத் தார்ப்பாய்கள் இன்னும் கூரைமேல் இருக்கின்றன. எனக்கு நினைவில் இருப்பது இவ்வளவுதான். நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓடாது, டாலாவில் ஓடும். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் போலீஸ்தான் என்று முடிவு செய்தேன். சைக்காக்காரர் என்னிடம் பர்மிய மொழியில் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன்.

மாதா கோயில் பூட்டியிருந்தது. வாசலில் ஒரு வேப்பமரம், அதன் கீழ் சிமெண்டுப் பெஞ்சு. அங்கே உட்கார்ந்துதான் இனி என்ன செய்வது என்று பேசினோம்.

"நேரா அந்த மேசைக்கே போய் உண்மையைச் சொல்லிடுவோம்ணே. தெரியாம நடந்தது. அபராதம் கேட்டா கட்டிடறேன்" என்றேன்.

அவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். "எங்க அப்பாரு இங்கதான் பொறந்தாரு. நானும் இங்கதான் பொறந்தேன். ஆனா எனக்கு முழுப் பிரஜைக்கான கார்டு கெடையாது, இது வேற நெறம். பொண்ணுக்கு அதுவும் இல்ல. பதினெட்டு முடிஞ்சிருச்சுன்னு போன மாசந்தான் எழுதிப் போட்டிருக்கேன். கார்டு இருந்தாத்தான் காலேஜில பரீச்சை எழுத வுடுவாங்க. இப்பத்தான் வார்டு ஆபீஸ்ல காயிதம் நவுருது. இந்த நேரம் பாத்து, வெளிநாட்டு ஆள பேரு எழுதாமக் கூட்டியாந்தான்னு எம் பேரு எங்கயாச்சும் ஏறிச்சுன்னா..."

அதுவரை நான் எனக்காக மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. என்னைப் பிடித்தால் திட்டுவார்கள், மிஞ்சிப்போனால் விமானத்தில் ஏற்றி அனுப்புவார்கள். நான் போக விரும்புகிற இடமும் அதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

சின்னப் படகில் போய்விடலாம் என்றார் அவர். ஐந்தாறு பேர் உட்காரும் மரப்படகு, கப்பல்களுக்கு நடுவே குறுக்கே போகும், மேசை கீசை கிடையாது. ஆனால் அதில் வெளிநாட்டுக்காரரை ஏற்றக் கூடாது, பிடிபட்டால் படகுக்காரரும் சேர்ந்து மாட்டுவார். வேண்டாம் என்றேன். வந்த மாதிரியே கூட்டத்தோடு போய்விடலாம் என்றார். என்னிடம் யாராவது பர்மிய மொழியில் ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும், இரண்டு பேரும் சேர்ந்தே பிடிபடுவோம். அதற்கும் சரி என்று சொல்ல முடியவில்லை.

கடைசியில் நான்தான் சொன்னேன். "நான் தனியாப் போய் மேசையில நிக்கறேன். தெரியாத டூரிஸ்ட், தானா வந்து தப்பு டிக்கெட்ல ஏறிட்டேன்னு சொல்றேன். நீங்க என்னைப் பார்த்ததே இல்ல. வேற வரிசையில வந்து ஏறிக்குங்க."

"விருந்துக்கு வந்தவர அம்போன்னு வுட்டுட்டு நா போறதா?"

"ஸ்டெல்லாவுக்காகண்ணே."

அவர் எழுந்து சைக்காக்காரரைக் கூப்பிட்டார். துறைக்கு ஒரு பர்லாங்கு முன்னாலேயே சைக்காவை நிறுத்தி நான் இறங்கினேன். போகிறேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மேசையில் அந்தப் பெண் இருந்தார். ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன், இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன், விதி தெரியாது என்றேன். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் வந்தது. பாஸ்போர்ட் கேட்டார். விடுதியில் இருக்கிறது என்று சொல்லி எண்ணை ஒப்பித்தேன். வழங்கிய தேதி, முடியும் தேதி, வழங்கிய ஊர், எல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் சிரித்தார். டிக்கெட்டை யார் வாங்கித் தந்தார்கள் என்று கேட்டார். கூட்டத்தில் கையை நீட்டினேன், கொடுத்தார்கள் என்றேன். விடுதியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பக்கத்து மர ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார், ஒரு டம்ளரில் பாலில்லாத தேநீரும் ஊற்றிக் கொடுத்தார். பிறகு சீருடைக்காரரிடம் ஏதோ சொன்னார், மிகவும் தன்மையான குரல். அவர் எழுந்து தொப்பியை எடுத்தார்.

எல்லாம் நல்லபடி முடிகிறது, டிக்கெட் எழுதப் போகிறார்கள் என்று நினைத்தேன். தேநீரை வாயில் வைத்தேன். அப்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து மேசைமேல் ஒரு அட்டையை வைத்தது. அந்த நிறத்தை ஒரு மணி நேரம் முன்புதான் பார்த்திருந்தேன்.

நான் எழுந்தேன். "இவர் யாரென்றே எனக்குத் தெரியாது" என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னேன். குரல் கீச்சென்று வந்தது. ஆரோக்கியம் என் பக்கம் திரும்பவே இல்லை. கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, நீண்ட நேரம் பர்மிய மொழியில் பேசினார். ஒருமுறை என்னைக் காட்டினார், ஒருமுறை தன் நெஞ்சைத் தொட்டார். அந்தப் பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீருடைக்காரர் தொப்பியை மறுபடி மேசையில் வைத்தார். பிறகு அந்தப் பெண் நோட்டைத் திறந்து, அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பெயர், எண், தெரு, வார்டு. என்னிடம் இரண்டு டாலர் வாங்கிக்கொண்டு பெரிய டிக்கெட்டைக் கொடுத்தார். போகலாம் என்றார்.

படகில் ஏறியதும் அவர்மீது எரிந்து விழுந்தேன். "ஏண்ணே இப்படிப் பண்ணினீங்க? எல்லாம் நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்தது! சிரிச்சுப் பேசினாங்க, டீ கொடுத்தாங்க!"

"அந்தம்மா நல்ல மனுஷிதான்" என்றார். "நீங்க சொன்னத அது நம்பாமயும் இல்ல. ஆனா காயிதம் இல்லாத வெளிநாட்டு ஆளு, ஸ்டேஷனுக்குச் சொல்லணும், அவங்க வந்து கூட்டிட்டுப் போவட்டும், அதுவரைக்கும் உக்காரட்டும்னு அவர்கிட்ட சொல்லிச்சு. நா பின்னாடிதான் நின்னுக்கிட்டு இருந்தேன், காதுல விழுந்துச்சு. உள்ளூர்க்காரன் ஒருத்தன் பொறுப்பு எடுத்தா வுட்டுடுவாங்க. ஒங்களுக்கு பாஷை தெரியாது, ராத்திரி எங்க வச்சிருப்பாங்களோ, எத்தினி நாளு வச்சிருப்பாங்களோ."

"ஸ்டெல்லாவோட கார்டு?"

அவர் ஆற்றைப் பார்த்தார். "வரும் தம்பி. வராமப் போவுமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதெல்லாம் ஊருக்குப் போய் போன்ல கேக்காதீங்க. போன்ல பேசப்படாது" என்றார். நான் கிளம்பும் நாளில் விமான நிலையத்துக்கு வழியனுப்ப வருகிறேன் என்றவரைக் கெஞ்சி நிறுத்தினேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது, வெயிலும் மழையும் தாங்கும் அளவில் இருக்கும். ஒரு வாரத்துக்கு விடுதி, சாப்பாடு, ஊர்சுற்றல் எல்லாம் சேர்த்து எனக்கு இருநூற்று இருபது டாலர் ஆனது. விமானம் தனி. ஊரின் பெரிய தங்கப் பகோடாவுக்கு ஐந்து டாலர் நுழைவு. பாஸ்போர்ட்டை ஒரு பாலிதீன் உறையில் போட்டு எப்போதும் உடம்போடு வைத்திருங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும். டாலா போங்கள், அவசியம் போங்கள், நான் பார்க்காமல் விட்டதையும் சேர்த்துப் பாருங்கள். வெளிநாட்டுக்காரர் டிக்கெட் தருகிற அறை துறைக்குள் நுழைந்ததும் தனியாக இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். நம்மவர்கள் யாராவது கூட வந்தால் டிக்கெட்டை அவர்கள் எடுக்க விடாதீர்கள். கையைப் பிடித்துக் கொள்ளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நம் முகமும் அவர்கள் முகமும் ஒன்றுபோல இருப்பதால் எல்லாம் ஒன்று என்று தோன்றிவிடும். உங்களுக்கு ஏதாவது ஆனால் நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். அவர்கள் வீடு அங்கேதான் இருக்கிறது.

திருச்சி திரும்பி மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் வீட்டுத் தெருக்கடைத் தொலைபேசிக்கு அழைத்தேன். கடைக்காரர் போய்க் கூப்பிட்டு, ஸ்டெல்லா மூச்சு வாங்க வந்தாள். முதல்முறையாக என்னிடம் தமிழில் பேசினாள், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி.

"அப்பா இல்லே. வார்டு ஆபீஸ் போச்சு. வரச் சொல்லி ஆள் வந்துச்சு."

எதற்கு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. போனில் கேட்கக் கூடாது என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. கார்டைக் கொடுக்கக் கூப்பிட்டார்களா, கேள்வி கேட்கக் கூப்பிட்டார்களா, இதை எழுதுகிற இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா நலமா என்று கேட்டேன். நலம் என்றாள். கம்பியில் இரைச்சல் அதிகமாகிக்கொண்டே வந்தது.

"அங்கிள் போன் பண்ணா கேளுன்னு அப்பா சொல்லிச்சு" என்றாள் ஸ்டெல்லா. "ஊருக்குக் கஷ்டம் இல்லாம போய்ச் சேந்தீங்களா?"

சேர்ந்துவிட்டேன் என்றேன்.